ஆற்று மீன் யாருக்கு?

மழைக்காலம் வருகிறது. ஆற்றில் புது வெள்ளம் பாய்கிறது. புதுத் தண்ணீரைக் கண்டால் மீன் சும்மா இருக்காது. தண்ணீரை எதிர்த்து ஏறும். ஓடைக்குள் போகும். வாய்க்காலில் நுழையும். வயல் வரப்பைத் தாண்டித் துள்ளும்.

அந்த நேரத்தில் சிறுவர்கள் துண்டை விரித்து மீன் பிடிப்பார்கள். பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். அன்று பல வீடுகளில் மீன் குழம்பு மணக்கும்.

அந்த மீனை யாரும் விதைக்கவில்லை. யாரும் தீனி போடவில்லை. யாரும் விலை கொடுக்கவில்லை. இறங்கிப் பிடித்தவருக்கு அது சொந்தம். நிலம் இல்லாதவருக்கும் ஆறு சோறு போட்டது.

இன்று பல ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள்: "அந்தக் காலத்து மீன் இப்போது எங்கே இருக்கிறது? ஆறும் இல்லை, மீனும் இல்லை."

ஆனால் உலகக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஆறுகளிலும் ஏரிகளிலும் பிடித்த மீன், முன்பைவிட அதிகம் என்று சொல்கிறது.

பெரியவர்கள் சொல்வது பொய்யா? கணக்கு சொல்வது பொய்யா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

1. எண்களைப் படிப்போம்

ஆறு, ஏரி, குளம், கழனி, சதுப்பு நிலம் ஆகியவற்றை உள்நாட்டு நீர்நிலைகள் என்கிறோம். இங்கே தானாக வளர்ந்த மீனை வலை போட்டுப் பிடிப்பது ஒரு வகை. குளம் வெட்டி, குஞ்சு விட்டு, தீனி போட்டு வளர்ப்பது இன்னொரு வகை. முதல் வகை மீன்பிடிப்பு. இரண்டாம் வகை மீன் வளர்ப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபைக்கு உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் என்று ஒன்று உண்டு. அதன் தலைமையகம் இத்தாலி நாட்டின் ரோம் நகரில் இருக்கிறது. உலக நாடுகள் தங்கள் மீன் கணக்கை ஆண்டுதோறும் அதற்கு அனுப்புகின்றன.

உள்நாட்டு நீர்நிலைகளில் ஓர் ஆண்டில் பிடித்த மீனின் கணக்கு இது. வளர்ப்பு மீன் இதில் சேரவில்லை.

1980 முதல் 1989 வரை, ஆண்டுச் சராசரி: சுமார் 57 லட்சம் டன்
1990 முதல் 1999 வரை, ஆண்டுச் சராசரி: சுமார் 71 லட்சம் டன்
2000 முதல் 2009 வரை, ஆண்டுச் சராசரி: சுமார் 93 லட்சம் டன்
2018-ஆம் ஆண்டு: சுமார் 120 லட்சம் டன்
2022-ஆம் ஆண்டு: சுமார் 113 லட்சம் டன்

ஒரு டன் என்பது 1000 கிலோ. ஒரு லாரியில் 10 டன் ஏற்றலாம் என்று வைத்துக் கொள்வோம். 113 லட்சம் டன் மீனை ஏற்ற 11 லட்சத்து 30 ஆயிரம் லாரிகள் வேண்டும். அவ்வளவு மீன்!

இதில் பெரும் பங்கு ஆசியாவில் பிடிபடுகிறது. அடுத்த இடம் ஆப்பிரிக்காவுக்கு. 2022-ஆம் ஆண்டில் முதல் இடத்தில் இருந்த நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான். சுமார் 19 லட்சம் டன். அடுத்து வங்கதேசம், சீனா, மியான்மர்.

மேலே உள்ள எண்களை இன்னொரு முறை படியுங்கள். 57, 71, 93, 120. ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் மட்டும் சற்று இறங்கியிருக்கிறது. ஏன் ஏறியது? ஏன் இறங்கியது?

2. எழுதினால்தான் கணக்கு

கடலில் மீன் பிடிக்கும் விசைப்படகு துறைமுகத்துக்கு வரும். அங்கே மீனை இறக்குவார்கள். எடை போடுவார்கள். ஏலம் விடுவார்கள். கணக்கு எழுதுவது எளிது.

ஆற்று மீன் அப்படி இல்லை. ஒருவர் விடியற்காலையில் தூண்டில் போடுகிறார். ஒரு பெண் வயல் வாய்க்காலில் கூடை வைக்கிறார். இரண்டு கிலோ மீன் கிடைக்கிறது. அதில் ஒரு கிலோ வீட்டுக்கு. ஒரு கிலோ தெருவில் விற்பனைக்கு. இதை யார் எழுதுகிறார்கள்? யாரும் எழுதுவதில்லை.

2018-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. 42 நாடுகளில் மக்கள் வீட்டில் எவ்வளவு ஆற்று மீன் சாப்பிட்டார்கள் என்ற கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அரசுகள் எழுதி வைத்த கணக்கைவிட அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதிகமாக இருந்தது. அதாவது, 3 கிலோ என்று ஏட்டில் இருந்தால், உண்மையில் கிட்டத்தட்ட 5 கிலோ பிடித்திருக்கிறார்கள்.

பிறகு பல நாடுகள் கணக்கெடுப்பைத் திருத்தின. முன்பு எழுதாத மீனையும் எழுதத் தொடங்கின. அதனால் எண் ஏறியது. ஆற்றில் மீன் கூடியதால் மட்டும் ஏறவில்லை. ஏட்டில் மீன் கூடியதாலும் ஏறியது. மக்கள் தொகை பெருகியது. வலைகளும் பெருகின. அதனாலும் ஏறியது.

எனவே பெரியவர்கள் சொன்னதும் பொய் இல்லை. கணக்கு சொன்னதும் பொய் இல்லை. உலகத்து ஆறுகளை எல்லாம் கூட்டிச் சொன்னது கணக்கு. தம் ஊர் ஆற்றைப் பற்றிச் சொன்னார்கள் பெரியவர்கள்.

கூட்டுத் தொகைக்குள் ஒவ்வோர் ஆற்றின் கதையும் மறைந்திருக்கிறது. சில கதைகளைப் பார்ப்போம். முதலில் நம் நாட்டின் கங்கை.

3. கங்கை: உரிமை வந்தது, மீன் வரவில்லை

உல்லம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளத்தில் இதை இலிஷ் என்பார்கள். வெள்ளி போல மின்னும். முள் அதிகம். ருசியும் அதிகம். நல்ல விலை போகும்.

இந்த மீன் கடலில் வளரும். ஆற்றில் முட்டையிடும். முட்டையிடுவதற்காகக் கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறும். பல நூறு கிலோமீட்டர் தண்ணீரை எதிர்த்து நீந்தும். கங்கையில் அலகாபாத் வரை, அதாவது இன்றைய பிரயாக்ராஜ் வரை, உல்லம் ஏறி வந்தது. அதையும் தாண்டிக் கான்பூர் பக்கமும் போனது. பீகார் மாநிலத்தில் கங்கைக் கரை மீனவர்களுக்கு அது பெரிய வருமானம்.

ஆனால் பீகார் மீனவர்களுக்கு ஒரு துன்பம் இருந்தது. பாகல்பூர் பக்கத்தில் சுல்தான்கஞ்ச் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து பீர்பைந்தி வரை சுமார் 80 கிலோமீட்டர் நீளக் கங்கைக்கு ஜமீன்தார்கள் சொந்தம் கொண்டாடினார்கள். நிலத்துக்கு இருந்த ஜமீன்தாரி முறை ஒழிந்தது. தண்ணீருக்கு இருந்த ஜமீன்தாரி முறை ஒழியவில்லை. மீனவர் வலை போட வேண்டுமானால் வரி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடி, உதை.

1982-ஆம் ஆண்டில் கஹல்காவ் என்ற ஊரில் மீனவர்கள் ஒன்று கூடினார்கள். கங்கா முக்தி ஆந்தோலன் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். கங்கை விடுதலை இயக்கம் என்பது அதன் பொருள். அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. கூட்டம் போட்டார்கள். படகுகளில் ஊர்வலம் போனார்கள். பெண்களும் போராட்டத்தில் நின்றார்கள். "ஓடும் தண்ணீருக்கு எவர் பட்டா கொடுத்தார்?" என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம்.

போராட்டம் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நடந்தது. 1991-ஆம் ஆண்டில் வெற்றி கிடைத்தது. ஓடும் கங்கையில் பாரம்பரிய மீனவர்கள் வரி இல்லாமல் மீன் பிடிக்கலாம் என்று பீகார் அரசு அறிவித்தது.

உரிமை வந்தது. ஆனால் வலையில் பழைய மீன் வரவில்லை.

ஏன்? கீழே, மேற்கு வங்காளத்தில், பரக்கா என்ற இடத்தில் கங்கையின் குறுக்கே ஒரு தடுப்பணை வந்திருந்தது. நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல். 1975-ஆம் ஆண்டில் அது செயல்படத் தொடங்கியது. கொல்கத்தா துறைமுகம் மண் மூடிப் போகாமல் இருக்க, ஹூக்ளி ஆற்றுக்குத் தண்ணீர் திருப்புவதற்காக அதைக் கட்டினார்கள்.

கடலிலிருந்து வந்த உல்லம் மீன் அணையில் முட்டி நின்றது. மேலே ஏற முடியவில்லை. சில ஆண்டுகளில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உல்லம் பிடிப்பு அடியோடு சரிந்தது. ஒரு தலைமுறை மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்தார்கள். கூலி வேலை தேடி ரயில் ஏறினார்கள்.

அணை ஒன்று மட்டும் காரணம் இல்லை. நகரங்களின் சாக்கடையும் ஆலைகளின் கழிவும் ஆற்றில் கலந்தன. கோடையில் தண்ணீர் வற்றியது. கொசு வலையைப் போட்டுக் குஞ்சு மீனையும் வாரியவர்கள் உண்டு. எல்லாம் சேர்ந்து ஆற்றை வெறுமையாக்கின.

நம் காவிரியிலும் உல்லம் ஏறி வந்த காலம் உண்டு. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை வந்தது. காவிரியின் வெள்ளம் மாறியது. உல்லம் குறைந்தது. இன்று காவிரிக் கரையில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது.

அணை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மேட்டூர்த் தண்ணீரில்தான் தஞ்சையில் நெல் விளைகிறது. அணையால் பயன் பெற்றவர் ஒருவர். இழந்தவர் வேறொருவர். நெல்லுக்குக் கணக்கு எழுதினோம். இழந்த மீனுக்குக் கணக்கு எழுதவில்லை. அந்தக் கணக்கையும் எழுதியிருந்தால், மீனவருக்கு என்ன வழி என்று முன்பே கேட்டிருக்கலாம்.

இப்போது பரக்காவுக்கு மேலே உல்லம் மீன்களைக் கொண்டு போய் ஆற்றில் விடுகிறார்கள். பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது.

4. கம்போடியா: மீன் இருக்கிறது, பெரிய மீன் இல்லை

கங்கையில் மீன் வராமல் போனது. இன்னொரு நாட்டில் மீன் வருகிறது. ஆனால் மாறி வருகிறது. அந்த நாடு கம்போடியா.

கம்போடியாவில் தோன்லே சாப் என்ற ஏரி இருக்கிறது. அது ஓர் அதிசய ஏரி. கோடையில் அதன் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் மேகாங் ஆறு பொங்கும். அதன் தண்ணீர் ஏரிக்குள் பின்னோக்கிப் பாயும். ஏரியை மேகாங் ஆற்றோடு சேர்க்கும் ஆறு, சில மாதங்கள் எதிர்த் திசையில் ஓடும்! அப்போது ஏரி ஐந்து ஆறு மடங்கு பெருகும். காடு எல்லாம் தண்ணீரில் நிற்கும். மீன்கள் அந்தக் காட்டுக்குள் போய் மேயும். கொழுக்கும்.

மழை முடிந்ததும் தண்ணீர் திரும்பி வடியும். மீனும் கூடவே இறங்கும். அப்போது ஆற்றில் வரிசையாகப் பெரிய பை வலைகளைக் கட்டி மீன் பிடிப்பார்கள். ரியல் என்ற சின்ன மீன் டன் கணக்கில் விழும். அந்த நாட்டுப் பணத்தின் பெயரும் ரியல்தான். அந்த மீனை உப்புப் போட்டு நொதிக்க வைத்துப் பிரஹோக் என்ற மீன் விழுது செய்வார்கள். ஏழை வீட்டிலும் அது ஆண்டு முழுவதும் இருக்கும்.

இந்தப் பை வலைகளில் விழும் மீனைப் பல ஆண்டுகள் இனம் பிரித்து எழுதி வைத்தார்கள். அந்த ஏட்டைப் படித்த ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். பெரிய மீன் இனங்கள் குறைந்து வந்தன. ஒரு இனத்திலேயே மீனின் அளவும் சிறுத்து வந்தது. சின்ன மீன்கள் அந்த இடத்தை நிரப்பின. அதனால் மொத்த எடையில் அந்த இழப்பு தெரியவில்லை.

பெரிய மீன் மெதுவாக வளரும். பல ஆண்டு கழித்துத்தான் முட்டையிடும். அதற்குள் வலையில் சிக்கிவிடும். சின்ன மீன் ஓர் ஆண்டிலேயே பெருகிவிடும். அதனால் தப்பிக்கிறது. எடையை மட்டும் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. மீனின் பெயரையும் அளவையும் எழுதியதால் தெரிந்தது.

2019, 2020 ஆகிய ஆண்டுகளில் இன்னொரு துன்பமும் வந்தது. மழை பொய்த்தது. மேகாங் ஆற்றின் மேல் பகுதியில் அணைகளும் தண்ணீரைத் தேக்கின. ஏரிக்குள் தண்ணீர் பின்னோக்கிப் பாய்வது தாமதம் ஆனது. பாய்ந்த தண்ணீரும் குறைவு. மீன்பிடிப்பு விழுந்தது. வெள்ளம் வந்தால் துன்பம் என்று நாம் நினைக்கிறோம். ஆற்று மீனுக்கு வெள்ளம்தான் வாழ்வு.

5. விக்டோரியா ஏரி: யார் தட்டில் மீன்?

ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரி இருக்கிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா என்ற மூன்று நாடுகளுக்கும் அது பொது. அதில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் மீன் பிடிக்கிறார்கள்.

1950-களில் அந்த ஏரியில் நைல் பெர்ச் என்ற வெளியூர் மீனை விட்டார்கள். அது ஆள் உயரம் வளரும். மற்ற மீன்களைத் தின்னும். 1980-களில் அது ஏரி எங்கும் பெருகியது. ஏரியில் மட்டுமே வாழ்ந்த சின்ன மீன் இனங்கள் நூற்றுக் கணக்கில் காணாமல் போயின. கழிவு கலந்து தண்ணீர் கெட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் எடைக் கணக்கு மேலே ஏறியது. கரையில் ஆலைகள் எழுந்தன. நைல் பெர்ச்சின் சதையை வெட்டி, உறைய வைத்து, ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. பலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் கரையில் இருந்த ஏழைகளுக்குக் கிடைத்தது தலையும் எலும்பும்தான். அதைப் பொரித்து விற்றார்கள், வாங்கித் தின்றார்கள்.

இன்று அந்த ஏரியில் எடைக் கணக்கில் முன்னே நிற்பது விரல் அளவு மீன். தான்சானியாவில் அதன் பெயர் டகா. கென்யாவில் ஒமேனா. பெண்கள் அதை வெயிலில் உலர்த்தி விற்கிறார்கள். விலை மலிவு. முள்ளோடு தின்னலாம். அதனால் உடம்புக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். ஆனால் அந்த மீனிலும் ஒரு பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது.

எவ்வளவு மீன் என்று கேட்டால் போதாது. யார் தட்டில் மீன் என்றும் கேட்க வேண்டும்.

6. குளத்து மீன் போதாதா?

"ஆற்று மீன் போனால் என்ன? குளத்து மீன் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்கள் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்தில் வளரும், ஆனால் முட்டையிடாது. அதனால் அந்தக் காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சுகளைப் பிடித்துக் குளத்தில் விட்டார்கள். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். ஒரு மீனின் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியின் சாற்றை எடுத்தார்கள். அதைத் தாய் மீனுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். மீன் முட்டையிட்டது! ஜூலை 10-ஆம் நாளைத் தேசிய மீன் வளர்ப்போர் நாளாக இன்றும் கொண்டாடுகிறோம்.

அதன் பிறகு வளர்ச்சி வேகமாக வந்தது. 1950-51-ஆம் ஆண்டில் இந்தியாவின் உள்நாட்டு மீன் சுமார் 2 லட்சத்து 18 ஆயிரம் டன். 2022-23-ஆம் ஆண்டில் அது 131 லட்சம் டன். இன்று நம் கடல் மீனைவிட உள்நாட்டு மீன் மிக அதிகம். அதில் மிகப் பெரும் பங்கு வளர்ப்பு மீன்தான். நகரத்துச் சந்தையில் ரோகு, கட்லா குவிந்து கிடப்பது இதனால்தான்.

இது பெரிய சாதனை. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது.

ஒன்று, குளத்து மீனுக்கு உரிமையாளர் உண்டு. நிலம் வேண்டும், குத்தகைப் பணம் வேண்டும், தீனி வேண்டும். பணம் இருப்பவர் வளர்ப்பார். பணம் இருப்பவர் வாங்குவார். ஆற்று மீன் அப்படி இல்லை. கையில் தூண்டில் இருந்தால் போதும். ஊர்க் குளத்தைப் பெண்கள் குழுவோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ குத்தகைக்கு எடுத்தால் இந்த வேறுபாடு ஓரளவு குறையும்.

இரண்டு, குளத்து மீனின் முன்னோர் ஆற்று மீன்தான். தாய் மீனில் நோய் வந்தாலும் வீரியம் குறைந்தாலும் புது ரத்தம் தேடி ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆறு தாய் வீடு. தாய் வீட்டை இடித்துவிட்டு எங்கே போவது?

7. மீன் திரும்பி வருமா?

வரும். வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே 2002-03-ஆம் ஆண்டில் உல்லம் பிடிப்பு சுமார் 2 லட்சம் டன்னாகக் குறைந்தது. அரசு விழித்துக் கொண்டது. 25 சென்டிமீட்டருக்குச் சிறிய உல்லத்தைப் பல மாதங்கள் பிடிக்கத் தடை போட்டது. மீன் முட்டையிடும் ஐப்பசி மாதத்தையொட்டி 22 நாள் முழுத் தடை போட்டது. ஆற்றில் சில இடங்களை மீன் காப்பிடமாக அறிவித்தது. 2019-20-ஆம் ஆண்டில் பிடிப்பு 5 லட்சத்து 50 ஆயிரம் டன்னாக உயர்ந்தது. அண்மையில் மீண்டும் சற்றுக் குறைந்துள்ளது.

தடைக் காலத்தில் மீனவர் எப்படிச் சாப்பிடுவார்? குஞ்சு மீன் தடைக் காலத்தில் நான்கு மாதங்களுக்கு, பதிவு செய்த குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி கொடுத்தார்கள். அரிசி கிடைத்தது. ஆனால் எண்ணெய்க்கும் மருந்துக்கும் காசு வேண்டும். வட்டிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அரிசியும் இல்லை. அதனால் இரவில் திருட்டுத்தனமாக வலை போட்டுச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. மீனைக் காக்கும் சட்டம் மீனவரையும் காக்க வேண்டும்.

சீனாவைப் பாருங்கள். அங்கே யாங்சி என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதில் துடுப்பு மூக்கு கொண்ட ஒரு பெரிய மீன் வாழ்ந்தது. அணைகள் அதன் வழியை அடைத்தன. வலைகள் மிச்சத்தைப் பிடித்தன. 2003-க்குப் பிறகு அதை யாரும் காணவில்லை. 2022-ஆம் ஆண்டில் அந்த இனம் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

சீனா 2021-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் யாங்சி ஆற்றில் பத்து ஆண்டுகள் மீன்பிடிக்கத் தடை போட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் தொழிலை விட்டு இறங்கினார்கள். அவர்களுக்கு இழப்பீடும் வேறு வேலைக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

2018-ஆம் ஆண்டில் சீனாவின் உள்நாட்டு மீன்பிடிப்பு சுமார் 20 லட்சம் டன். 2022-இல் சுமார் 12 லட்சம் டன். முதலில் பார்த்த உலகக் கணக்கு கடைசியில் இறங்கியதே, நினைவிருக்கிறதா? அதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எனவே எண் ஏறினால் எப்போதும் நல்லது என்று இல்லை. எண் இறங்கினால் எப்போதும் கெட்டது என்றும் இல்லை. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்க வேண்டும். எழுத்தறிந்தவர் எண்ணைப் படிப்பார். அறிவு பெற்றவர் எண்ணைக் கேள்வி கேட்பார்.

8. நாம் என்ன செய்யலாம்?

நாம் அணையை இடிக்க முடியாது. மழையைக் கூட்ட முடியாது. ஆனால் நம் ஊர் நீர்நிலைக்குச் சில வேலைகள் செய்யலாம்.

முட்டையிடும் காலத்தில் மீனை விட்டுவிடலாம். பல மாநிலங்களில் மழைக் காலத்தில் ஆற்று மீன் பிடிக்கத் தடை உண்டு. உங்கள் மாநிலத்தில் எந்த மாதம் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கொசு வலையால் குஞ்சுகளை வாராமல் இருக்கலாம். இன்று ஒரு படி குஞ்சு, நாளைக்கு ஒரு வண்டி மீன்.

வெடி வைப்பவரையும் நஞ்சு கலப்பவரையும் தடுக்கலாம். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே அதைக் குற்றம் என்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அதில் எழுதுங்கள்.

மாதிரிப் பக்கம்

நாள்: ஆகஸ்டு 4
இடம்: ஊர்ப் பெரிய ஏரி, மதகுப் பக்கம்
வலை: வீச்சு வலை
மீன்: கெளுத்தி 6, விரால் 1, கெண்டை 20
பெரிய மீனின் நீளம்: ஒரு முழம்
மொத்த எடை: 3 கிலோ
வீட்டுக்கு: 1 கிலோ
விற்றது: 2 கிலோ

இப்படி ஓர் ஆண்டு எழுதுங்கள். ஐந்து பேர் சேர்ந்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மீன் குறைகிறது? எது சிறுக்கிறது? எது வரவே இல்லை? உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் ஏரியில் ஆலைக் கழிவு கலக்கலாம். ஏரியை வேறு வேலைக்கு எடுக்க ஆள் வரலாம். "இந்த ஏரியில் மீனே இல்லையே, யாருக்கு நட்டம்?" என்று கேட்கலாம். அப்போது அந்த நோட்டைக் கிராம சபையில் எடுத்து வையுங்கள். வாய்ப் பேச்சைத் தட்டிவிடலாம். தேதி போட்டு எழுதிய கணக்கைத் தட்டிவிட முடியாது.

கஹல்காவ் மீனவர்கள் ஆற்றின் உரிமையைப் போராடிப் பெற்றார்கள். ஆனால் ஆற்றில் மீன் குறைந்ததை யாரும் உரிய காலத்தில் காதில் வாங்கவில்லை. நாம் எழுதக் கற்றிருக்கிறோம். நம் ஆற்றின் கணக்கை நாமே எழுதுவோம்.

நினைவில் வைப்போம்

தானாக வளரும் மீனைப் பிடிப்பது வேறு. மீனை வளர்ப்பது வேறு.
ஆற்று மீன் நிலம் இல்லாதவருக்கும் உணவு.
மொத்த எடை கூடினாலும் பெரிய மீன் குறையலாம்.
அணை, கழிவு, வெளியூர் மீன், சின்னக் கண் வலை ஆகியவை ஆற்று மீனைக் குறைக்கும்.
மீனைக் காக்கும்போது மீனவரையும் காக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

உள்நாட்டு நீர்நிலை - ஆறு, ஏரி, குளம் முதலியவை
சராசரி - எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து வருவது
தடுப்பணை - ஆற்றின் குறுக்கே தண்ணீரைத் தடுத்துத் திருப்பும் கட்டுமானம்
அந்நியச் செலாவணி - வெளிநாட்டு வணிகத்தில் கிடைக்கும் பணம்
இழப்பீடு - இழந்ததற்கு ஈடாகக் கொடுக்கும் பணம்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக.
அ. ஒரு டன் என்பது ______ கிலோ.
ஆ. பரக்கா தடுப்பணை ______ ஆற்றின் குறுக்கே உள்ளது.
இ. தேசிய மீன் வளர்ப்போர் நாள் ஜூலை ______.

2. கணக்குப் போடுக.
வங்கதேசத்தில் உல்லம் பிடிப்பு 2 லட்சம் டன்னிலிருந்து 5 லட்சத்து 50 ஆயிரம் டன்னாக உயர்ந்தது. எவ்வளவு கூடியது?

3. கூடிப் பேசுவோம்.
அ. உங்கள் ஊரில் முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன்கள் எவை? வயதில் மூத்தவர்களிடம் கேட்டுப் பெயர்களை எழுதுங்கள்.
ஆ. உங்கள் ஊர் ஏரியின் மீன் ஏலம் யாருக்குப் போகிறது? அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது?
இ. மீன் பிடிக்கத் தடை போட்டால், மீனவர் குடும்பத்துக்கு என்னென்ன உதவி வேண்டும்? பட்டியல் எழுதுங்கள்.